ஒரு துவிச்சக்கரவண்டியும் அதன் பெயரும்

2022ஆம் ஆண்டின் வைகாசி, ஆனி மாதங்களிலே, எரிபொருள் நிலையங்களின் முன்னால் வரிசைகள் நாட்கணக்காக நீண்டு கிடந்தபொழுது, யாழ்ப்பாணத்து வீடுகளின் பின்புறங்களிற் பல்லாண்டுகளாக மறக்கப்பட்டுக் கிடந்த பொருளொன்று மீண்டும் தெருவுக்கு வந்தது. விறகுக் கொட்டிலின் மூலையிலும் கோழிக்கூட்டின் பின்னாலும் கிடந்த துவிச்சக்கரவண்டிகளை மக்கள் வெளியே இழுத்துத் தூசி தட்டினர். கொக்குவிலில் எங்கள் வீட்டுக் கொட்டிலின் வளையிலே கயிற்றாற் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்த ஐயாவின் றலி வண்டியும் அவ்வாறே நிலத்துக்கு இறங்கிற்று. ஐயா காலமானது 2011இல். அதன் பின்னர் அவ்வண்டியை எவரும் மிதித்ததில்லை.

ரயர், ரியூப், பிரேக் கட்டை ஆகியவற்றை மாற்றி, அச்சுகளுக்குக் கிறீஸ் பூசியதும் அது ஓடிற்று. திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு நாலைந்து மாதங்கள் அதிலேயே போய்வந்தேன். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் அதை மீண்டும் வளையிலே ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வண்டியின் உடல் நல்ல நிலையில் இருக்கவில்லை. நீல வர்ணம் செதில் செதிலாகக் கழன்று, அதன் கீழே துரு பரவியிருந்தது. கடற்காற்று வீசும் இக்குடாநாட்டிலே வர்ணமில்லாத உருக்கு நெடுநாள் தாங்காது. ஆகவே வர்ணம் பூசுவதென்று முடிவுசெய்வதிலே சங்கடம் எதுவும் இருக்கவில்லை. பூசும்பொழுது அதன்மேல் உள்ள பெயரை என்ன செய்வது என்பதிலேதான் சங்கடம் தொடங்கிற்று. அது எங்கள் குடும்பத்தில் சில மாதங்கள் நீடித்த வழக்காகவும் ஆயிற்று.

ஒரு வண்டியின் பெயர் வழக்குக்குரிய விடயமா என்று இன்றைய மாணவர் கேட்கக்கூடும். ஐயாவின் தலைமுறையினர் அவ்வாறு கேட்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்கு வண்டி என்பது பொதுப்பெயர். றலி, ஹம்பர், றட்ஜ், பி.எஸ்.ஏ., ஹேர்குலிஸ், பிலிப்ஸ் என்பனவே பொருளுள்ள பெயர்கள். ஹம்பர் வைத்திருப்பவர் றலி வைத்திருப்பவரைச் சிறிது தாழ்வாகவே பார்ப்பார். ஹம்பரின் முன்சில்லைத் தாங்கும் கவை இரட்டைக் குழாயாலானது என்பது அவருடைய வாதம். றலிக்காரரோ தமது கழுத்துப் பட்டயத்தில் இருக்கும் நாரைத் தலையைக் காட்டுவார். ஐயா 1959இல் ஆங்கில ஆசிரியராக முதல் நியமனம் பெற்றபொழுது வாங்கிய முதற் பெரும் பொருள் அந்த றலிதான். கறுப்பு எனாமல், குழாய்களின் ஓரமாகப் பொன்னிறக் கோடு, இறங்கு குழாயிலே பொன்னெழுத்தில் பெயர், பின் மட்காட்டின் நுனியிலே வெள்ளை. கோயிலுக்குப் போகும்பொழுது வேட்டியின் கரையால் அதன் பாரைத் துடைப்பார் என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

இந்தப் பெருமிதங்களின் வரலாற்றை ஆராயப் புகுந்தால் சிறிது ஏமாற்றமே மிஞ்சும். நொட்டிங்ஹாம் நகரிலே றலி வீதி என்னும் தெருவில் இருந்த சிறு பட்டறையொன்றைப் பிராங் போடன் என்பவர் வாங்கி, 1888இல் அதைக் கம்பனியாக்கினார். தெருவின் பெயர் வண்டிக்கு ஆயிற்று. நாரை போடன் குடும்பத்தின் சின்னம். 1932இல் ஹம்பர் வண்டிகளைச் செய்யும் உரிமை றலியின் கைக்கு வந்தது, 1943இல் றட்ஜ் வந்தது, 1957இல் பி.எஸ்.ஏ. வந்தது. ஹேர்குலிஸையும் பிலிப்ஸையும் தன்வசம் வைத்திருந்த ரியூப் இன்வெஸ்ற்மென்ற்ஸ் நிறுவனத்தோடு 1960இல் றலியே இணைந்துகொண்டது. ஆகவே எங்கள் ஊர் மதகிலே அமர்ந்து ஹம்பர்க்காரரும் றலிக்காரரும் செய்த விவாதங்களின் பெரும்பகுதி, ஒரே தொழிற்சாலையின் ஒரு வாசலுக்கும் மறு வாசலுக்கும் இடையிலான விவாதமாகும். றலியின் பற்சில்லிலே மூன்று நாரைத் தலைகளும் ஹம்பரின் பற்சில்லிலே ஐந்து மனித உருவங்களும் வெட்டப்பட்டிருந்தன என்பது மெய். கவையும் வேறுதான். எஞ்சியவற்றிற் பெரும்பாலானவை ஒட்டிய எழுத்தின் வேறுபாடுகளே. 1950களிலே அம்பத்தூரில் ஹேர்குலிஸும் அசன்சோலில் சென்-றலியும் செய்யப்படலாயின. 2002இல் நொட்டிங்ஹாமில் வண்டி செய்வதே நின்றுபோயிற்று. 2012இல் ஓர் ஒல்லாந்துக் கம்பனி அந்தப் பெயரை வாங்கியது.

நிற்க. எங்கள் வண்டி நீலமான கதையைச் சொல்லவேண்டும்.

1990 ஆனியிற் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குள் எரிபொருள் வருவது தடுக்கப்பட்டபின், துவிச்சக்கரவண்டியே எங்களுக்கு லொறியும் அம்புலன்ஸும் மின்சார நிலையமும் ஆயிற்று. வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட இரவுகள் பல. அக்காலத்திலே ஒவ்வொரு வண்டியும் தன் தகுதிக்கு மேற்பட்ட பாரத்தைச் சுமந்தது. 1992இல் விறகுக் கட்டொன்றை ஏற்றி வருகையில் எங்கள் வண்டியின் சட்டம், இருக்கைக்குக் கீழுள்ள பொருத்திலே விட்டுப்போயிற்று. பித்தளை வைத்து ஒட்டுவித்தார்கள். ஒட்டிய வெப்பத்திலே கறுப்பு எனாமல் பொரிந்து கருகியது. மேற்கொண்டு வர்ணம் பூசாமல் இருக்க முடியவில்லை. பூசுவதற்குக் கடையில் வர்ணம் இருக்கவில்லை. எங்கள் ஒழுங்கையிலே பெயர்ப்பலகை எழுதும் ஓர் இளைஞன் இருந்தான், ஐயாவிடம் படித்தவன். எவருடைய படலைக்கோ பூசி எஞ்சிய நீல வர்ணம் அவனிடம் அரைப் பேணி இருந்தது. அதைக் கொண்டுவந்து தானே பூசினான். பூசி முடித்தபின், எவரும் கேளாமலே, இறங்கு குழாயில் வெள்ளை வர்ணத்தால் வண்டியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினான். பின் மட்காட்டின் வெள்ளையைப் புதுப்பித்து, அதன்மேல் ஐயாவின் முதலெழுத்துகள் இரண்டைக் கறுப்பில் இட்டான். காசு வாங்க மறுத்துவிட்டான்.

அவன் எழுதிய பெயரிலே ஈ, ஐ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இடம் மாறிக் கிடந்தன.

ஐயா ஆங்கில ஆசிரியர். எங்கள் வீட்டுக் காய்கறிச் சிட்டையிலே எழுத்துப் பிழை இருந்தாலும் சிவப்பு மையாற் சுழிப்பவர். அவர் அந்தப் பிழையோடு பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். திருத்தச் சொல்லலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டபொழுது, “அவனுக்கு இங்கிலீஸ் படிப்பிச்சது நான்தானே,” என்றார். வேறு விளக்கம் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

1995 ஐப்பசி 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் தெருவுக்கு வந்தது. அந்த இரவைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் எழுதக்கூடியது ஒரு மட்காட்டைப் பற்றி மட்டுமே. எனக்கு அப்பொழுது பத்து வயது. வண்டியின் கரியரில் அரிசி மூட்டை, பாரில் உடுப்புப் பொதி, ஹாண்டிலில் பாத்திரங்கள். ஐயா உருட்டிச் சென்றார். “கரியரை விடாதை” என்பது எனக்கு இடப்பட்ட ஒரே கட்டளை. செம்மணி வெளியில் மழை. நாவற்குழிப் பாலத்துக்கு அண்மையிலே சனம் நெருக்கியபொழுது என் பிடி விட்டுப்போயிற்று. சுற்றிலும் வண்டிகள், எல்லாவற்றின்மீதும் மூட்டைகள், இருட்டிலே நீலமேது, கறுப்பேது? எவரோ ஒருவருடைய ரோச் லைற்றின் ஒளி ஒரு கணம் கீழே விழுந்தது. வெள்ளை மட்காட்டில் அந்த இரண்டு எழுத்துகளையும் கண்டேன். கொடிகாமத்துக்குப் போய்ச் சேரும்வரை அவ்வெழுத்துகளைவிட்டு என் கண்ணை எடுக்கவில்லை.

மறு வருடம் நாங்கள் திரும்பி வந்தோம். பெயர்ப்பலகை எழுதியவன் வரவில்லை. வன்னிக்குப் போனதாக ஒருவர் சொன்னார். பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவன் எழுதிய கடைப்பலகைகள் எங்கள் சந்தியில் நாலைந்து இருந்தன. அக்கடைகளும் இன்று இல்லை, பலகைகளும் இல்லை.

இவ்வளவும் தெரிந்த எனக்கு, பெயரை அப்படியே விடுவதுதான் முறை என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் ரொறன்ரோவிலிருந்து அண்ணா வேறுவிதமாக எண்ணினார். நான் வண்டிக்கு வர்ணம் பூசப்போகிறேன் என்று அறிந்ததும், இங்கிலாந்திலே பழைய வண்டிகளுக்கென்று அச்சிட்டு விற்கப்படும் எழுத்துப் படலங்களை வரவழைத்து எனக்கு அனுப்பிவைத்தார். நீரில் ஊறவைத்துக் குழாயிலே வழுக்கி ஒட்டவேண்டியவை. நாரை, பொற்கோடு, நொட்டிங்ஹாமிற் செய்யப்பட்டது என்ற வாசகம், யாவும் அந்தக் காலத்து அளவிலேயே இருந்தன. கறுப்பு எனாமல் அடித்து இவற்றை ஒட்டினால் வண்டி 1959இல் கடையிலிருந்து வந்தபடி நிற்கும் என்று எழுதியிருந்தார்.

முதலில் எனக்குக் கோபமே வந்தது. அசலின் பிரதியை அசல் என்று ஒட்டுவதா? அப்பட்டமான இடைச்செருகல் என்று பதில் எழுதினேன். தமிழ் படித்தவனுக்குக் கைவந்த வசைச்சொல் அது. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய எழுபதுகளிலே, பெயர் மட்டும் றலியாக இருந்த ஏதோவொரு வண்டியை நல்ல விலை கொடுத்து வாங்கி ஏமாந்த மாமா ஒருவர் எங்களுக்கு உண்டு. அவரையும் அக்கடிதத்தில் இழுத்தேன். அண்ணாவின் மறுமொழி சுருக்கமாக இருந்தது. “நீ கண்டது நீலம். நான் கண்டது கறுப்பு. நான் அந்தப் பாரில இருந்துதான் பள்ளிக்கூடம் போனனான்.”

அதைப் படித்தபின் என் வாதத்தின் பலவீனம் எனக்கே தெரிந்தது. அண்ணா 1989இல் நாட்டைவிட்டுப் போனவர். நீல வண்டியை அவர் ஒருநாளும் கண்டதில்லை. நாவற்குழிப் பாலத்தில் அவர் இல்லை. அவருடைய ஐயா கறுப்பு வண்டியில் வந்த இளம் ஆசிரியர். என்னுடைய ஐயா நீல வண்டியை உருட்டிய முதியவர். எது மூலம் என்று கேட்டால், கால முறைப்படி அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லவேண்டும். நான் காக்க முனைந்தது மூலமன்று. அதன்மேல் எழுதப்பட்ட பிற்கால எழுத்து. இடைச்செருகல் என்ற சொல் எழுதியவன் பக்கமே திரும்பி வந்தது.

இங்கே நம்மூர்ப் பதிப்பாசிரியர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர், எடுத்தால் ஒடிந்து விழும் ஏடுகளின் நிலையைப் பதிப்புரைகளிலே வருந்தி எழுதியிருக்கின்றார். ஏடு செல்லரித்த இடத்தில் வேறொரு பிரதியிலிருந்து எடுத்து நிரப்புவது பதிப்பாசிரியருக்கு ஏற்ற செயல். தாமே புனைந்து நிரப்புவது ஏலாது. இந்த அளவுகோலின்படி அண்ணா அனுப்பிய படலங்கள் வேறு பிரதியிலிருந்து பெற்ற பாடம் என்றே கொள்ளவேண்டும். அவை பொய்யல்ல. எங்கள் வண்டி மெய்யாகவே றலி. பற்சில்லில் நாரைகள் இருக்கின்றன, சட்டத்தில் அடித்த இலக்கமும் பழைய றசீதில் உள்ள இலக்கமும் ஒன்றே. ஆயினும் பிற்காலப் பாடத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு அதன் மேலே முற்காலப் பாடத்தை எழுதும் பதிப்பாசிரியர் எவரும் இலர். பாடபேதத்தை அடியிலே குறித்து வைப்பார். குழாய்க்கு அடிக்குறிப்பு இல்லை என்பதுதான் தொல்லை. பழங்கட்டடங்களைப் பேணுவது பற்றி 1964இல் வெனிசில் உருவான பட்டயம், ஊகம் தொடங்கும் இடத்திலே புதுப்பித்தல் நின்றுவிடவேண்டும் என்றும், ஒரு கட்டடத்துக்கு எல்லாக் காலத்தவரும் சேர்த்த தகுதியானவற்றை மதிக்கவேண்டும் என்றும் கூறுகின்றது. அதன் முதற்பகுதி அண்ணாவுக்குத் தடையாக இருக்கவில்லை. இரண்டாம் பகுதி எனக்குத் துணையாயிற்று. 1981இல் எரிக்கப்பட்ட எங்கள் பொது நூலகத்தையும் எரிந்தபடியே நினைவுச்சின்னமாக விடவேண்டும் என்றோர் இருந்தனர். அது முன்னைய தோற்றத்திலேயே மீள எழுப்பப்பட்டது. மாணவர் படிப்பதற்கு இடம் வேண்டும். அந்தத் தீர்ப்பை நான் குறைகூறமாட்டேன். ஆனால் அதன் வெள்ளைச் சுவர்களின் முன் நிற்கும் வெளியூரவர், அங்கே எரிந்ததை எவரேனும் சொன்னால் மட்டுமே அறிவர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், பயனற்ற செய்திதான், எனினும் எனக்குப் பெரும் ஆறுதல் தந்தது. நொட்டிங்ஹாம் தெருவுக்குப் பெயர் தந்த சேர் வால்ற்றர் றலி என்னும் மனிதர், தம் பெயரைப் பிற்காலத்தில் எழுதியபொழுது அந்த ஐ என்னும் எழுத்தையே சேர்ப்பதில்லை. ஆகவே கம்பனி எழுதியதும் அவர் எழுதியபடி அன்று. ஐயா இருந்திருந்தால் இதைச் சொல்லி மகிழ்ந்திருப்பேன். அவர் முன்னரே அறிந்திருக்கவும் கூடும்.

2023 மாசியில் வண்டியை வர்ணம் பூசுபவரிடம் கொண்டுபோனேன். அறுபது வயதைக் கடந்தவர். கையெழுத்துக்கு ஒப்பான தம் வேலையிலே பெருமை உடையவர். கழுத்துப் பட்டயத்தின்மேல் இருந்த நீலத்தைத் தின்னரால் அவர் துடைத்தபொழுது நாரை வெளிப்பட்டது. 1992இல் சுரண்டாமல் விட்டிருந்த இருக்கைக் குழாயின் ஓரிடத்தில், நீலத்தின் கீழே விரல் நீளத்துக்குப் பொற்கோடு கிடைத்தது. அதை ஒளிப்படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினேன்.

பின் மட்காட்டைக் காப்பாற்ற முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த வண்டியிலே முதன்மையானது அதுதான். வெளிப்புறத்திலே எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது. உட்புறம் முழுவதும் அரித்துப் போயிருந்தது. ஆணியைக் கழற்றியதும் வெள்ளை நுனி அவர் கையோடு வந்துவிட்டது. பெயரைப் பற்றி மாதக்கணக்காக வாதாடிய நான், எவரும் வாதாடாத இந்தத் தகரத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபொழுது அம்மா வாங்கிப் பார்த்தார். “எறிஞ்சு போடாதை மோனை,” என்றார். அது இப்பொழுது ஐயாவின் ஆங்கில அகராதிக்குப் பக்கத்தில் இருக்கின்றது. அண்ணாவின் படலங்கள் அவ்வகராதிக்குள்ளே, வந்த உறையிலேயே இருக்கின்றன.

சட்டத்துக்குக் கறுப்பு அடிப்பது என்றும், புதிய படலங்களை ஒட்டுவதில்லை என்றும், இறங்கு குழாயிலே பெயர் இருக்கும் ஒரு சாண் நீளத்தை மட்டும் சுரண்டாமல், ஓரத்துத் துருவை எடுத்து மேலே வார்னிஷ் பூசி விடுவது என்றும் முடிவாயிற்று. மெய்யாகச் சொன்னால் அது பார்க்க அழகாக இல்லை. பளபளக்கும் கறுப்பின் நடுவே மங்கிய நீலத் துண்டு. அதற்குள் பிழையான பெயர். புண்ணுக்குக் கட்டிய துணிபோல் இருக்கின்றது. வர்ணம் பூசியவருக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. வேலை தெரியாதவன் பாதியில் விட்டுப்போன வேலை என்று ஊரார் எண்ணுவர் என்றார். கூலியைக் கொடுத்து வண்டியை எடுத்தபொழுது, “தம்பி, ஆர் பெயின்ற் அடிச்சது எண்டு கேட்டால் என்ரை பேரைச் சொல்லிப் போடாதையுங்கோ,” என்றார். சொல்வதில்லை என்று உறுதி கூறினேன். இங்கும் எழுதவில்லை.

அந்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணா வந்தார். வந்த அன்று மாலை கொட்டிலுக்குள் தனியே போனார். நான் விறாந்தையில் இருந்தேன். நெடுநேரம் சத்தமில்லை. பின்னர் வண்டியை உருட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார், படலையைத் திறந்தார், ஒழுங்கையிலே ஏறி மிதித்துச் சந்திவரை போய்த் திரும்பினார். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மூச்சு வாங்கிற்று. பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“பின் பிரேக் பிடிக்குதில்லை. கட்டை மாத்தவேணும்,” என்றார்.